தேயாத டயர்

உலகத்துத் தீவுகளையெல்லாம் கரைத்துக் குடித்தவர் போல அத்தான் சைக்கிள் கடை மேஜையில் படங்களைப் பரப்பினார். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவர் விடும் சவடாலைக் கேட்டுக் கேட்டு மச்சினனான மெக்கானிக்கிற்குக் காது புளித்துப்போயிருந்தது.

வாசலில் அத்தானின் புதுச் சைக்கிள் நின்றது. வாங்கி எட்டு மாதம். ஞாயிறு தவறாமல் நாற்பது கிலோமீட்டர் மிதிப்பதாக ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறார். புது டயரில் ரப்பர் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்குமே, நடுப்பட்டையில் இருப்பது நாலு தெரு ஓட்டினாலே உதிர்ந்துவிடும். அத்தானின் டயரில் ஒரு முடிகூட உதிரவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தும்போதே மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டான். சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

"நம்ம சைக்கிள் டூருக்கு இந்தத் தீவுதான்" என்று ஒரு படத்தைத் தட்டினார் அத்தான். "மலை உச்சியில ஹோட்டல். அங்கேர்ந்து கடல் வரைக்கும் ஒரே இறக்கம். ஆறு கிலோமீட்டர், மிதிக்கவே வேணாம். உங்க அக்கா ஜாலியா வருவா."

"பாதுகாப்பா இருக்குமா அத்தான்?"

"ஹோட்டல்ல லிப்ட்டே இருக்குப்பா!"

லிப்ட் இருக்கிறதாம். இந்த மேதாவிக்கு வாழ்க்கைப்பட்ட அக்கா, ஸ்டூலில் உட்கார்ந்து இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். போன வருஷம் எலும்பு முறிந்து கூடிய கை அது. பாட்டில் மூடியைத் திறக்கவே இன்னும் அடுத்தவரைக் கூப்பிடுகிறாள். அந்தக் கையால் ஆறு கிலோமீட்டரும் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாக வேண்டும். இருபது வருஷத்தில் அவள் வாய் திறந்து கேட்டது இந்த ஒரு சைக்கிள் பயணத்தைத்தான். மெக்கானிக்கிற்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இழுப்பறையைத் திறந்து நாலு பிரேக் கட்டைகளை எடுத்து மேஜையில் போட்டான். எந்த சைக்கிள் எங்கே போய் வந்தது என்று அவன் கட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவான். இவற்றில் ரப்பரே இல்லை. உள்ளிருந்த இரும்பு பல்லிளித்தது.

"காலேஜ் பசங்க அந்தத் தீவுக்குப் போனப்ப நான்தான் புதுசா மாட்டி அனுப்பினேன். ஒரே வாரத்துல இப்படித் திரும்பி வந்துச்சு."

அத்தான் ஒரு கட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தார். "ஓட்டத் தெரியாத பசங்களா இருக்கும். அவளுக்கு முன்னாடி நான் போறேன்ல?"

மெக்கானிக்கின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டயரைக் காட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் முகத்தில் ஈயாடாது. ஆனால் அவமானப்பட்டுவிட்டால், அந்த வீம்புக்கே அக்காவை அதே மலைக்கு இழுத்துக்கொண்டு போவார். அக்கா அவனைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள். வேண்டாமடா.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு படங்களுக்கு நடுவே கிடந்த அத்தானின் தீவுப் பட்டியலை எடுத்தான்.

"ரெண்டாவதா ஒரு தீவு எழுதியிருக்கீங்களே அத்தான்? பூரா சமதரை. கார் கிடையாது, கடலோரமாவே சைக்கிளுக்குத் தனி ரோடு. நாப்பது கிலோமீட்டர் மிதிக்கிறவங்களுக்கு அதுதான் சரி. இறக்கத்துல உருண்டா உங்க திறமை யாருக்குத் தெரியப்போகுது?"

அத்தான் தொண்டையைக் கனைத்தார். "நானும் அதையேதான் நெனச்சேன். இறக்கத்துல எவன் வேணாலும் போவான்." முதல் பெயரை அடித்துவிட்டு இரண்டாவதைச் சுற்றி வட்டம் போட்டார். "இடம் பாக்கறதுக்கு ஒரு அனுபவம் வேணும் மச்சான்."

"ஆமா அத்தான்" என்றான் மெக்கானிக். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

தன் கண்டுபிடிப்பை யாருக்கோ போனில் அளந்தபடி அத்தான் தெருவுக்கு இறங்கினார். பின்னாலேயே எழுந்து போன அக்கா வாசலில் நின்றாள். குனிந்து, அந்த டயரின் ரப்பர் முடிகளைக் கட்டைவிரலால் மெல்ல நெருடினாள்.

"பத்து வருஷமானாலும் இது தேயாதுடா தம்பி" என்றாள்.