தூங்கட்டும், பாவம்

"நாடகமா? எந்த நாடகத்துலீங்க மாப்ளே, தூங்கற பொண்டாட்டி தலமாட்டுல நின்னு பேசச் சொன்னாங்க?"

வெள்ளையன் போட்ட சத்தத்தில் எங்கள் சந்தே கூடிவிட்டது. நான் முன்னாடியே வந்து, நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். தங்கச்சி மயிலாளைக் கூட்டிப்போக அவிநாசிபாளையத்திலிருந்து வந்திருக்கிறான். அவளும் துணி மூட்டையைக் கட்டிவிட்டாள்.

"நாடகந்தானுங்க மச்சான்! விசாகத்துக்கு நான்தான் ராசா!" என்று கத்தினான் அவள் புருசன் லிங்கசாமி.

அவன் கத்துவதில் தப்பில்லை. அந்தத் தறிச் சத்தத்துக்கு நடுவே, பல்லடத்தில் தறி ஓட்டுகிறவன் எவன் மெதுவாகப் பேசினான்? 'சோறு போடு' என்பதையே தண்டோரா போடுகிற மாதிரிதான் சொல்வார்கள். இந்தப் புருசன் பொண்டாட்டி கொஞ்சிக்கொண்டதைக்கூட நாலு ஊட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறோம்.

வினை வந்தது நாடக வாத்தியார் சிவசுப்பிரமணியத்தால். ஏரிக்கரை உடையாமல் நிற்க ராணியைப் பலிகொடுக்கச் சம்மதித்துவிட்ட ராசா, தூங்குகிற அவள் பக்கத்தில் நின்று தனக்குள் பேசுகிறான். அதை லிங்கசாமி முழங்கினானாம். "தனிமொழிங்கறது மனசு பேசறதப்பா. மனசு கத்துமா? தணிச்சுச் சொல்லு" என்றாராம் வாத்தியார்.

முந்தாநாள் மத்தியானம் கரண்ட் இல்லை, தறிகளெல்லாம் நின்றிருந்தன. மயிலாள் கண்ணயர்ந்திருக்கிறாள். இவன் பக்கத்தில் நின்று தணித்துச் சொல்லிப் பார்த்திருக்கிறான். அரைத்தூக்கத்தில் அது அவள் காதில் விழுந்துவிட்டது.

"என்னன்னு சொன்னாரு, கண்ணு?" என்றேன் மயிலாளிடம். யாராவது நியாயம் கேட்க வேண்டுமே.

"'தூங்கட்டும். பாவம், இவளுக்கு ஒண்ணுமே தெரியாது.' அவ்வளவுதானுங்க அக்கா."

கூட்டம் சிரித்தது. "இதுக்கா பயந்தே? பாசமால்ல இருக்குது!"

மயிலாள் சிரிக்கவில்லை. "இப்பச் சொல்லச் சொல்லுங்க."

லிங்கசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

"இது இல்லீங்க."

அழுகிற மாதிரி சொன்னான்.

"இதுவும் இல்லீங்க. ஊட்டுக்குள்ள சொன்னீங்களே, அது."

அவன் அவளையே பார்த்தான். பிறகு உதடு அசைந்ததா என்றே தெரியாமல், அதே வார்த்தைகளைச் சொன்னான். முடிவு செய்துவிட்டவன் குரல். சிரித்தவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். வெள்ளையன் தங்கச்சியைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"நடிப்புங்க..." என்று லிங்கசாமி கத்தத்தான் பார்த்தான். சத்தம் எழவில்லை. தனக்குள் அப்படி ஒரு குரல் கிடந்தது அவனுக்கே தெரியாது போல.

"நடிப்பாவே இருக்கட்டுங்க" என்றாள் மயிலாள். "இனி அந்த ஊட்டுல நான் எப்படிங்க கண்ணை மூடுவேன்?"

பஸ் ஏறினவள் திரும்பி வரவேயில்லை. விசாகத்தன்று டீக்கடை ஆத்தப்பன் ராசாவாகி, தனிமொழியைத் தொண்டை கிழிய முழங்கினான். ஜனம் கைதட்டி மாளவில்லை.

பஞ்சாயத்தில் உறவைத் தீர்த்துவிட்டதும் லிங்கசாமி சோமனூருக்குக் குடிபோனான். அங்கே பெண் கொடுக்க வந்தவர்கள் விசாரிக்க என்னிடம்தான் வந்தார்கள், வேறு யாரிடம் போவார்கள்? நல்லவன், குடிக்க மாட்டான் என்றேன். மயிலாள் ஏன் போனாள் என்பதையும் மறைக்கவில்லை. அந்த வசனத்தைச் சொல்லியே காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் ஏற்றி, இறக்கி, எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். அந்தத் தொனி எனக்கு வரவேயில்லை.

தை பிறந்ததும் தங்கள் பெண் ரங்காத்தாளை அவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.