இடது கைக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி

பரமேஸ்வரனுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து நான்கு மாதமாகிவிட்டது. இடப்பக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கும் பெண் ஒவ்வொரு முறையும் சொன்னாள். ஆனாலும் அந்த இடது கை, அசையாத வலது கைக்குத் துணை இருப்பதுபோல மடியிலேயே கிடந்தது. முதல் வாரம் தட்டை அருகில் நகர்த்தியபோது, "பீச்சாங்கையால திங்கவா?" என்று குழறினார். நியாயம்தான் என்று மனைவி தேவமலர் கரண்டி வாங்கி வந்தாள். விரல்களுக்கிடையில் கரண்டியை வைத்தால் விரல்கள் மூடவில்லை. அவளே ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் அவளுக்குக் கொடுத்த விடுப்பு மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குள் அவர் மதியச் சோற்றைத் தானே எடுத்துச் சாப்பிடப் பழகினால் அவள் வேலைக்குத் திரும்பலாம். பக்கத்து வீட்டு ராஜம்மா அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். பழகாவிட்டால் வேலையை விட வேண்டும். விட்டால், இனி வரும் பகல்கள் எல்லாமே அந்தப் பார்வைக்கு முன்னால்தான். அது அவளுக்கு வேண்டாம். புருஷன் படுத்துக் கிடக்கும்போது ஒருத்தி இப்படியா நினைப்பாள் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டதால் நினைப்பு மாறிவிடவில்லை.

பிடித்தது எதையாவது கொடுத்து அந்த இடது கையை வேலை வாங்கச் சொன்னாள் பயிற்சிக்காரப் பெண். இவருக்கு என்ன பிடிக்கும்? இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள் இரண்டு நாள் யோசித்தாள். கடைசியில் நினைவுக்கு வந்தது ஒரு வீடியோ கேம் கடை. நிச்சயமான புதிதில் மலாக்கா டவுனில் அங்கே அவளைக் கூட்டிப் போயிருந்தார். ஆள் உயரப் பெட்டி. எதிரே வரும் வண்டிகளை விலக்கிக்கொண்டு திரையில் ஒரு கார் ஓடும். அவள் கையை எடுத்துப் பிடியின்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். அன்று அந்தக் கைக்குக் கனமே இல்லை.

அப்படி ஒன்றை மேசைமேல் வைக்கிற அளவில் வீட்டிலேயே செய்யலாம் என்று கைப்பேசியில் ஒரு வீடியோ சொன்னது. பாயா ரும்புட் ஹார்டுவேர் கடையில் பிளைவுட் வாங்கினாள். அறுப்பது அவளுக்குப் புதிது. வாள் போன போக்கில் கை போனது. இரண்டு பக்கப் பலகைகளும் ஒன்றுக்கொன்று விரற்கடை வித்தியாசப்பட்டன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே ஒரு நாள் கழிந்தது. பழைய மானிட்டர் ஒன்று வீட்டிலேயே இருந்தது. பிடியும் பட்டன்களும், சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டும் தபாலில் வந்தன.

வேலி ஓரம் நின்று பார்த்த ராஜம்மா, சாமி மேடையா செய்கிறாய் என்று கேட்டாள். தேவமலர் விஷயத்தைச் சொன்னாள்.

"ஆம்பளைக்கு மூத்திரத் துணியும் மாத்தி, வெளையாட்டுச் சாமானும் செஞ்சு கொடுக்கிறியா? நல்ல பொம்பள லா நீ."

தேவமலர் சிரித்து வைத்தாள்.

ஒயர் வேலை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதினான்கு வருஷமாகத் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைக் கவிழ்த்து, ஈயம் வைத்த அடிப்பக்கத்தைச் சோதிப்பதுதான் அவள் வேலை. பிடியும் பட்டன்களும் வரவேண்டிய முன்பலகைக்கு ஒரு தாளில் படம் வரைந்தாள். பிடி இடது ஓரத்தில், அவர் கை தானாகப் போய் விழுகிற இடத்தில். பலகையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் அந்தத் தாளை ஒட்டித் துளை போட்டாள். ஒயர்களை எல்லாம் அடியிலிருந்தே இணைத்தாள். முடித்து, திருப்பி வைத்து, கரண்ட் கொடுத்தபோது திரையில் கார் ஓடியது. வலது கையால் பிடியை அசைத்துப் பார்த்தாள். கைக்கு அடக்கமாக இருந்தது. தன் கையால் ஒரு பொருள் உருவாகியிருப்பதில் அவளுக்கு வெட்கம் கலந்த சந்தோஷம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நியாலாஸிலிருந்து அவருடைய தங்கை கோமளா வந்திருந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் பெட்டியைத் தூக்கி வந்து அவருக்கு எதிரே மேசையில் வைத்தாள் தேவமலர். அவர் திரையைப் பார்க்கவில்லை. பிடியைப் பார்த்தார், பிறகு தன் வலது கையைப் பார்த்தார்.

கோமளாதான் முதலில் சொன்னாள். "அண்ணி, ஸ்டிக் இந்தப் பக்கம் இருக்கே. அண்ணனுக்கு வெளங்காத கையாச்சே இது."

தேவமலருக்கு உடனே விளங்கிவிட்டது. கவிழ்த்த பலகையில் இடது என்றால், நிமிர்த்தினால் வலது. போர்டைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அடிப்பக்கத்தையே முகமாக எடுத்துக்கொண்டது. அவளுக்கே வலது கை வாகு என்பதால் ஓட்டிப் பார்த்தபோதும் உறைக்கவில்லை. தப்பாகிவிட்டது என்று சொல்ல வாய் எடுத்தாள்.

"வேணும்னே... செஞ்சே" என்றார் பரமேஸ்வரன். நான்கு மாதத்தில் அவர் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த வலது கை ஓங்கியபோதெல்லாம் அவளுடைய இடது காதில்தான் விழுந்தது. அந்தக் காதில் ஐந்து வருஷமாக இரைச்சல். தினமும் அந்தக் கைக்குச் சோப்புப் போட்டுத் துடைத்துவிடுகிறாள், விரலிடுக்கு விடாமல். துடைக்கும்போது ஒருநாளும் கோபம் வந்ததில்லை என்று பெருமைகூடப் பட்டிருக்கிறாள். இப்போது தேடிப் பார்த்தாள். இந்தத் தப்புக்கு அடியில் ஒரு ஆசை கிடந்ததா? கிடந்தது என்றும் தெரியவில்லை, இல்லை என்றும் தெரியவில்லை.

"பாவம் அண்ணி, தெரியாம மாத்திட்டாங்க" என்று கோமளா சமாதானம் பேசினாள்.

அப்போது பரமேஸ்வரனின் இடது கை எழுந்தது. தயங்காமல், நடுங்காமல் குறுக்கே வந்து வலது மணிக்கட்டைப் பற்றித் தூக்கிப் பிடியின்மேல் போட்டது. வலது கை சரிந்து விழுந்தது. மறுபடி தூக்கிப் போட்டார். மறுபடி சரிந்தது. மூன்றாம் முறை, விரல்கள் ஒவ்வொன்றையும் பிரித்துப் பிடியைச் சுற்றி மடக்கப் பார்த்தார். கோமளா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை வேலை செய்கிறதே என்று சாமியைக் கும்பிட்டாள்.

தேவமலர் இடது கையின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சுற்றி மூட மாட்டாத விரல்கள். நூறு தடவைக்கு மேல் அவள் மடக்கிவிட்டும் மடங்காத விரல்கள்.

அவள் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். பெட்டியை நகர்த்திவிட்டு, சோறு பிசைந்த தட்டை அவருடைய இடப்பக்கம் வைத்தாள். கரண்டியை அதன்மேல் வைத்தாள். அவர் வழக்கம்போல வாயைத் திறந்தார்.

"அந்தக் கையிலயே சாப்பிடுங்க" என்றாள். "திங்கக்கிழமையிலேருந்து நான் வேலைக்குப் போறேன்."

வாய் திறந்தபடியே இருந்தது. கோமளா பதறிக் கரண்டியை எடுக்கப் போனாள். தேவமலர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடி இறுகியதில் கோமளாவின் வளையல் சதையில் பதிந்தது. அண்ணி, வலிக்கிறது என்றாள் கோமளா. அதன் பிறகுதான் தேவமலர் விட்டாள்.

இடது கை மடிக்குத் திரும்பியிருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தாள். சோற்றின்மேல் குழம்பு ஆடை கட்டத் தொடங்கியது.