உடைந்த மூக்குள்ள அரசன்

சார்திஸ் நகரின் நாணயச் சாலையில் அச்சு வெட்டுவதில் மெலிட்டாவை மிஞ்ச ஆள் கிடையாது. அது அவளுக்கும் நன்றாகத் தெரியும். தளபதி ஹெர்மகோரஸ் தன் மன்னனுக்கு எதிராகக் கிளம்பி, தானே அரசன் என்று அறிவித்ததும், முதல் வேலையாகத் தன் முகம் பொறித்த வெள்ளிக்காசு கேட்டான்.

அவள் வெட்டிய அச்சைப் பார்த்து அவையினர் முகம் சுளித்தார்கள். போரில் உடைந்து, நடுவில் பள்ளம் விழுந்த மூக்கை உள்ளது உள்ளபடி வெட்டியிருந்தாள். நேராக்கச் சொன்னார்கள். மெலிட்டா அரசனிடமே போய் நின்றாள்.

"ராஜா, மூக்கை நேராக்கிடலாம், பெரிய வேலையில்ல. ஆனா உங்க சிப்பாய்ங்க பாத்துட்டு, இது யாரோன்னு தூக்கிப் போடுவாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

ஹெர்மகோரஸ் மூக்கைத் தடவிக்கொண்டு சிரித்தான். "இருக்கட்டும் விடு. மத்தவங்க மூக்கோட நான் எதுக்கு ராஜாவா இருக்கணும்?"

ஏழே மாதம் ஆண்டான். பழைய மன்னனின் படை மதிலை உடைத்து உள்ளே புகுந்தது. புதுக் காசுகளைப் பறித்து உலையில் போட்டார்கள். ஹெர்மகோரஸ் மட்டும் அகப்படவில்லை. உள்ளே புகுந்த படையின் தலைவன் ஒரே ஒரு காசை உருக்காமல் வைத்துக்கொண்டு, நகர வாயிலில் நின்று வெளியேறும் ஆண்களின் முகத்தோடு ஒப்பிட்டான். அடையாளம் சொல்ல மெலிட்டாவையும் பக்கத்தில் நிறுத்தினான்.

மூன்றாம் நாள் காலை, எண்ணெய்ச் சாடி ஏற்றிய கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு ஒருவன் வந்தான். தாடி இல்லை, தலை மொட்டை. மெலிட்டாவுக்குப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. அவனை மறைத்து மாட்டிக்கொண்டால் தன் தலை போகும். ஆனாலும் தன் குறையை மறைக்காத மனிதனைத் தன் கைவேலையை வைத்தே கொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

படைத்தலைவன் காசை அவன் கன்னத்தருகே பிடித்தான். "மூக்கு ஒத்துப்போகுதே?"

"மூக்கு உடைஞ்சவன் இந்த ஊர்ல தெருவுக்கு நாலு பேரு ஐயா. நெத்தியைப் பாருங்க, தாடையைப் பாருங்க. இவன்தான் அவன்னா, நான் வேலை தெரியாதவள்னு ஆயிடும். அப்படி யாராச்சும் சொல்லுவாங்களான்னு நாணயச் சாலையில கேட்டுப் பாருங்க."

அவள் குரலில் நடுக்கமே இல்லை. படைத்தலைவன் காசையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கழுதைக்காரனைப் போகச் சொல்லிக் கையசைத்தான்.

மறுநாளே பழைய மன்னனின் முகத்துக்கு அச்சு வெட்ட உத்தரவு வந்தது. மெலிட்டா உளியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு குளிர்காலம் கழித்து, கடற்கரையிலிருந்து வந்த வணிகன் ஒருவன், ஹெர்மகோரஸ் ஏதோ ஒரு தீவில் கல்யாணம் செய்துகொண்டு சுகமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.