மூன்றாவது விசில்

சபையில் எனக்கு மைக்செட் என்று பட்டப்பெயர். நான் ஜெபிக்கத் தொடங்கினால் தெருமுனை வரை கேட்குமாம். கேட்கட்டுமே, எனக்கென்ன வெட்கம்? மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறவன் நான். அந்த இரைச்சலில் பேசிப் பேசியே பழகிய தொண்டை இது.

அன்று காலை பதினோரு மணிக்கு, பாதி கட்டிய இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று அப்படியே உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள், ஒருவனைத் தவிர. தரைத்தளத்தில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த என் மச்சான். என் மனைவியின் ஒரே தம்பி.

பக்கத்துத் தெருவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் இயந்திரத்தோடு போய் நின்றேன். "எங்கே தோண்டணும், சொல்லுங்கப்பா!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினேன். பத்து எண்ணுவதற்குள் பதில் வந்துவிட்டது. இடது மூலை! மாடிப்படி அங்கேதான், அதற்கடியில் ஒதுங்கியிருப்பான். ஆண்டவரே சொன்னபிறகு யோசிப்பானேன்? இடிபாட்டின் வலது ஓரத்தில் இயந்திரத்தை ஏற்றி நிறுத்திக்கொண்டு, இடது மூலையை வாரத் தொடங்கினேன்.

அரை மணி நேரத்தில் மீட்புப் படை வந்தது. அதன் தலைவி நடுத்தர வயது அம்மா ஒருவர். வந்ததும் வராததுமாக விசிலை ஊதினார்.

"மெஷினை நிறுத்துங்க. விசில் ஊதினா அஞ்சு நிமிஷம் ஒரு சத்தம் இருக்கக்கூடாது. உள்ளே இருக்கிறவர் தட்டினா நமக்குக் கேக்கணும். இடம் தெரியாம தோண்டினா நாமளே அவரைக் கொன்னுடுவோம்."

"இடம் எனக்குத் தெரியும்மா. ஆண்டவர் காட்டிட்டார்."

"சந்தோஷம். எனக்கும் காட்டட்டும். நிறுத்துங்க."

நிறுத்தினேன். தெருவே அடங்கிவிட்டது. மீட்புப் படையினர் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் என் மனைவி வாயில் சேலை முனையை அடைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே முழங்காலில் விழுந்து, "இயேசப்பா! கைவிட்டுடாதீங்கப்பா!" என்று ஆரம்பித்துவிட்டேன். ஐந்து நிமிடமும் அதிலேயே போயிற்று. அந்த அம்மா பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும்.

பிறகு கையால் மட்டும் கல் எடுக்கச் சொன்னார். கால் மணி கழித்து இரண்டாவது விசில். இந்த முறை முணுமுணுப்பாகத்தான் தொடங்கினேன். சத்தியமாக. மூன்றாவது வாக்கியத்தில் குரல் தானாக ஏறிவிட்டது.

என் மனைவி கயிற்றைத் தாண்டி வந்து என் வாயைப் பொத்தினாள். "வாயை மூடுங்க! என் தம்பி தட்டினா யாருக்குக் கேக்கும்?"

"ஜெபம் பண்றதையா தடுக்குறே?"

"ஜெபமா இது? ஆண்டவருக்கு ஆர்டர் போடுறீங்க."

பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. கோபம் தலைக்கேறியது. இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் இப்படிக் கல் பொறுக்குவது? அவனுக்கு மூச்சு முட்டாதா? இடது மூலையில் நாலே நாலு வாரு வாரினால் போதும். கை சாவிக்குப் போனது.

அப்போதுதான் பயம் வந்தது. இடது மூலை என்று சொன்னது யார்? ஆண்டவரா, என் பதற்றமா? யோசித்துப் பார்த்தேன், பிரித்துச் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் அவரோடு வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன். அவர் குரல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

இறங்கிப் போய் அந்த அம்மாவிடம் சாவியை நீட்டினேன். "உங்ககிட்டயே இருக்கட்டும்மா. என் கையில இருந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்."

அவர் வாங்கிக்கொண்டு மூன்றாவது விசிலை ஊதினார்.

இயந்திரத்தின் அருகே குப்புறப் படுத்துக் காதைச் சிமெண்டில் வைத்தேன். 'எனக்குத் தெரியலைப்பா' என்று மனதுக்குள் ஒரே ஒரு முறை சொன்னேன். அவ்வளவுதான். அடுத்த வார்த்தை தொண்டை வரை வந்தது, விழுங்கினேன். இன்னொன்று வந்தது, அதையும் விழுங்கினேன். எங்கோ தண்ணீர் சொட்டியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லுங்களேன் என்று கெஞ்ச நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

டக்.

டக், டக்.

இடது மூலையில் இல்லை. எனக்கு நேர் கீழே, என் இயந்திரத்தின் சக்கரப் பட்டைக்கு அடியில்.

கையை மட்டும் உயர்த்தினேன். அந்த அம்மா ஓடி வந்து காதை வைத்தார். "மெஷினை யாரும் தொடாதீங்க. இப்ப ஸ்டார்ட் பண்ணினா மொத்தமும் அவர் மேல சரிஞ்சுடும்."

பக்கவாட்டில் கையாலேயே குடைந்தோம். நான்கு மணிக்கு அவனை வெளியே இழுத்தோம். உடம்பெல்லாம் சிமெண்ட் தூள், ஒரு கால் முறிந்திருந்தது, உயிர் இருந்தது. என் மனைவி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கதறினாள். நானும் அழுதேன்.

இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அவன் என்னைப் பார்த்தான். "மெஷின் முதல்ல நின்னப்பவே தட்டினேன் மாமா. அப்புறமும் தட்டினேன். மேலே எவனோ விடாம கத்திக்கிட்டே இருந்தான், வார்த்தைகூடப் புரியலை. இவன் வாயை மூடவே மாட்டானான்னு அழுகையே வந்துடுச்சு. கடைசியா தட்டுறப்ப சுத்தியலைத் தூக்கத் தெம்பில்லை. யாரு மாமா அது?"

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"நான்தான் மச்சான்," என்றேன்.