லூர்துநாதனின் மூன்று கட்டுரைகள்

ஸ்டெல்லாமேரியின் பதவி உயர்வு இரண்டு தடவை கைநழுவிப் போயிருந்தது. இரண்டு தடவையும் காரணம் ஒன்றுதான். அவளிடம் இருந்தது ஆறு, கல்லூரி கேட்டது எட்டு.

என்ன ஆறு, என்ன எட்டு என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் எடுத்துக்காட்டினால் அது ஒரு மேற்கோள். எட்டுக் கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது எட்டு மேற்கோள் என்று இருந்தால் அந்த ஆளின் எச்-இண்டெக்ஸ் எட்டு. ஏழு கட்டுரைகள் ஊரே மெச்சும்படி ஓடி, எட்டாவது நொண்டினால் ஏழுதான். பாடம் நடத்தத் தெரியுமா, பிள்ளைகள் தூங்காமல் கேட்கிறார்களா என்பதை அளக்க இதுவரை யாரும் கருவி கண்டுபிடிக்காததால், அந்தக் கல்லூரி இதை வைத்துக் காலம் தள்ளியது. விதியில் ஒரு மாற்று வழியும் இருந்தது. எட்டு இல்லாவிட்டால் மொத்த மேற்கோள் நூற்றைம்பது இருக்க வேண்டும். அவளுடைய மொத்தம் எழுபத்தெட்டு. அந்த வரியை ஒரு தடவை படித்ததோடு சரி, அப்புறம் அவள் அதன் பக்கமே போகவில்லை.

நாற்பத்தாறு வயதில் இன்னும் உதவிப் பேராசிரியர். அவளிடம் படித்த பெண்ணே வேறு ஊரில் இணைப் பேராசிரியராகி, "எல்லாம் உங்க ஆசீர்வாதம் மேடம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினாள். ஸ்டெல்லாமேரி பூங்கொத்துப் படம் ஒன்று அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். வயிறு எரிந்தது, மறைப்பானேன். இந்த வருடம் நுண்ணுயிரியல் துறையில் ஒரே ஓர் இடம் காலி. விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது நூலகர் ஜரினாவிடமிருந்து போன் வந்தது. எல்லோருடைய மேற்கோள் கணக்கையும் எடுத்துக் கொடுப்பது ஜரினாவின் வேலை.

"மேடம், ஒரு நிமிஷம் லைப்ரரிக்கு வர்றீங்களா? லூர்துநாதன்னு ஒருத்தரு உங்க கட்டுரைய தன் பேருல போட்டிருக்காரு."

டப்பாவை மூடக்கூட இல்லை, ஓடினாள். ஜரினாவின் திரையில் ஓர் ஆசிரியரின் பக்கம் திறந்திருந்தது. லூர்துநாதன் எஸ்., புதுச்சேரி, மூன்று கட்டுரைகள்.

"எங்கப்பா" என்றாள் ஸ்டெல்லாமேரி.

"அப்பாவும் மைக்ரோபயாலஜியா மேடம்? சொல்லவே இல்லியே!"

"கோரிமேட்டு ஆஸ்பத்திரில வார்டு அட்டெண்டர் ஜரினா. ரிட்டயராயி பதினஞ்சு வருசமாச்சு."

நடந்தது மெல்ல மெல்ல ஸ்டெல்லாமேரிக்கு ஞாபகம் வந்தது. முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் வெளிநாட்டு இதழ்களுக்குக் கட்டுரை அனுப்பும்போது, படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு நகர விடாது. நம் ஊரில் ஏது குடும்பப் பெயர்? எல். ஸ்டெல்லாமேரி என்றால் எல். என்பது அப்பா. அந்த 'எல்' எழுத்தை விரித்து அப்பாவின் முழுப் பெயரைக் கட்டத்தில் போட்டாள். கட்டம் திருப்தியடைந்தது. உலகமும் அவளை அன்றிலிருந்து லூர்துநாதன் என்றே எழுதிக்கொண்டது. பிறகு மார்ட்டினோடு கல்யாணம். வழக்கப்படி எல் போய் எம் வந்தது. ஆதார், பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு, அதற்குப் பிறகு வந்த கட்டுரைகள், எல்லாம் எம். ஸ்டெல்லாமேரி. கம்ப்யூட்டர் என்ன கண்டது? இவர்கள் இரண்டு ஆட்கள் என்று முடிவு கட்டிவிட்டது.

முன்பு இரண்டு தடவையும் அலுவலகக் கண்காணிப்பாளர் ராஜவேல் அந்த மூன்று கட்டுரைகளையும் சிவப்பு மையால் அடித்து, 'பட்டியலில் இல்லை' என்று எழுதியிருந்தார். அந்த இதழ்களே பட்டியலில் இல்லை போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள். ஜரினாதான் இந்தத் தடவை ஆள் பெயரை விட்டுவிட்டுக் கட்டுரைத் தலைப்பைப் போட்டுத் தேடியிருக்கிறாள்.

"அப்பாவோட எச்-இண்டெக்ஸ் எவ்ளோ?"

"ரெண்டு மேடம்."

"என்னுது ஆறு. ஆறும் ரெண்டும் எட்டு!" நூலகம் என்பதையும் மறந்து ஸ்டெல்லாமேரி கத்தினாள். அந்த இடத்திலேயே மார்ட்டினுக்கு ஒரு போன், அப்பாவுக்கு ஒரு போன். சாயந்திரம் கேக் வாங்கி வருவதாக மார்ட்டின் சொன்னான்.

ஜரினா மட்டும் ஒரு தாளில் எண்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தாள். "இத அப்படிக் கூட்டக் கூடாது மேடம்" என்றாள், தொண்டையைச் செருமிக்கொண்டு. "எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கி மொதல்லேருந்து எண்ணணும். அறுபத்துநாலு, இருபத்துமூணு, பத்தொன்பது, பதினாலு, பதினொண்ணு, ஒன்பது, எட்டு. எட்டாவது கட்டுரைக்கு ஏழுதான் இருக்கு."

"அப்ப?"

"ஏழு மேடம்."

ஒரே ஒரு மேற்கோள். உலகத்தில் எங்கேயோ யாரோ ஒருவர் எழுதாமல் விட்ட ஒரே ஒரு வரி. ஸ்டெல்லாமேரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வகுப்புக்கு மணி அடித்த பிறகுதான் எழுந்தாள்.

கேக் வாங்க வேண்டாம் என்று மார்ட்டினுக்குச் சொல்லியாயிற்று. அப்பாவுக்குப் போனில் சொல்ல மனம் வரவில்லை. கல்லூரி விட்டதும் ஸ்கூட்டரை முத்தியால்பேட்டைக்கு விட்டாள். லூர்துநாதன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். மகள் முகத்தைப் பார்த்ததும் அவர் முகமும் இறங்கியது. நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, எண்களை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார்.

"அந்த அறுவத்துநாலு இன்னா கட்டுரை?"

"வீராம்பட்டினத்து முகத்துவாரச் சேறுப்பா. அதுல இருக்குற பாக்டீரியா."

"வாளிய நான் புடிச்சேனே, அதுவா?"

அதுவேதான். இரவு டூட்டி முடித்து வந்து, தூங்காமல், காலை வெயிலில் தொடையளவு சேற்றில் அவளோடு இறங்கி, நான்கு மாதம் வாளி பிடித்த மனிதர். அவருடைய 'எல்' எழுத்தைத் தன் பெயரிலிருந்து எடுத்த அன்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது இப்போது ஸ்டெல்லாமேரிக்கு உறைத்தது. அவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்குக் கண் கலங்கியது. காபி டம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

லூர்துநாதனோ வேறொரு கோபத்தில் இருந்தார். "எட்டு பேரு பேசியிருந்தாலும் ஒண்ணு, அறுவத்துநாலு பேரு பேசியிருந்தாலும் ஒண்ணா? இது இன்னா அளவுமா? மீதி அம்பத்தாறு பேரு எங்க போனான்? அவன் சொன்னதெல்லாம் எதுக்குமே ஆவாதா?"

"அதெல்லாம் மொத்தத்துலதான்பா வரும்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். மொத்தம். போனை எடுத்துக் கூட்டினாள். அவளுடைய எழுபத்தெட்டும் அப்பா பெயரில் இருந்த எண்பத்தொன்பதும் நூற்று அறுபத்தேழு. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை கூட்டினாள். ஏற்கெனவே அன்று ஒரு தடவை கூட்டி அசிங்கப்பட்டவள் என்பதால், ஜரினாவுக்குப் போன் போட்டு அவளையும் கூட்டச் சொன்னாள்.

"நூத்தி அறுபத்தேழு மேடம்!" ஜரினாவின் குரல் போனை விட்டு வெளியே குதித்தது. "இது கூட்டற கணக்குதான். நூத்தம்பதத் தாண்டி அடிச்சிட்டீங்க!"

மறுநாள் ராஜவேல் அவ்வளவு சுலபமாக மசியவில்லை. கெட்ட மனிதர் இல்லை. தாளில் இருப்பதை மட்டுமே நம்பி முப்பது வருடம் ஓட்டியவர்.

"பேர ஒண்ணா சேர்க்கச் சொல்லி அந்த மேற்கோள் கணக்கு வைக்கிற கம்பெனிக்கு எழுதினா ஆறு வாரம் ஆவும்ங்கிறீங்க. அதுவரைக்கும் இது லூர்துநாதன்கிறவரோட கட்டுரை. அவரே வந்து 'நான் எழுதல'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா வாங்கிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு லூர்துநாதன் அதே சலவைச் சட்டையில் வந்தார். பேனாவும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். ராஜவேல் அவரை உட்காரவைத்து, தட்டச்சு செய்த தாளைச் சத்தமாகப் படித்தார். "மேற்படி மூன்று கட்டுரைகளின் ஆசிரியர் நான் அல்ல. அவற்றை எழுதியவர் என் மகள் ஸ்டெல்லாமேரி. அவற்றில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்று உறுதியளிக்கிறேன்."

"எழுதல, சரி" என்றார் லூர்துநாதன். "எந்தப் பங்கும் இல்லன்னு போட்டா பொய்யாவும்ங்களே. வாளி புடிச்சேன்."

கூட வந்திருந்த ஜரினா வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜவேல் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். மணி மூன்றரை. எழுந்துபோய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கடைசி வரியை நீக்கிவிட்டு, வேறொன்று தட்டி எடுத்துவந்தார். 'மாதிரிகள் சேகரித்தபோது வாளி பிடித்து உதவினேன்.' லூர்துநாதன் கண்ணருகே வைத்துப் படித்துப் பார்த்தார். பிறகு ஊருக்கே பத்திரம் எழுதிக் கொடுப்பவரைப் போல நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

நேர்காணல் நடந்தது. ஆறாவது வாரம் உத்தரவு வந்தது. இணைப் பேராசிரியர். அதே வாரம் மேற்கோள் நிறுவனத்திலிருந்தும் ஒரு மின்னஞ்சல். இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்கப் போகிறார்களாம், எந்தப் பெயர் நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

ஸ்டெல்லாமேரி மார்ட்டினைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்குற? என் எழுத்துதான் ரேஷன் கார்டுல இருக்கே, அது எங்கயும் போவாது" என்றான் அவன், கேக்கை வெட்டிக்கொண்டே.

அவள் ஸ்டெல்லாமேரி லூர்துநாதன் என்று அடித்தாள். ஒரு படமும் கேட்டிருந்தார்கள், கல்லூரி அடையாள அட்டையில் இருந்ததை ஏற்றினாள்.

இரண்டு நாள் கழித்து முத்தியால்பேட்டையிலிருந்து போன். அப்பாவின் குரலில் இருந்தது அழுகையா சிரிப்பா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"மேரி, அந்தக் கம்ப்யூட்டர்ல நான் இன்னும் இருக்கனான்னு பாக்கலாம்னு போன்ல தேடினேன்மா. என் பேர போட்டா உன் மூஞ்சி வருது."