ஏழு சட்டை தூரம்

கண்ணில் பட்டதையெல்லாம் கழுத்தில் தொங்கும் டேப்பால் அளந்து பார்த்தால்தான் தையல்காரருக்கு மனசு ஆறும். சின்ன மகளைப் பெண் கேட்ட பையனுக்கு வெளிநாட்டில் வேலை என்றதும், கடைச்சுவரை அடைத்துக்கொண்டிருந்த உலகப் படத்தில் டேப்பை வைத்தார். இங்கிருக்கும் விமான நிலையத்தில் ஒரு விரல், அங்கிருப்பதில் இன்னொரு விரல்.

"இருபத்திமூணு இன்ச். முடியவே முடியாது. உங்க அக்கா ஊரைப் பாரு, முக்கால் இன்ச். சம்பந்தம்னா அது சம்பந்தம்!"

மகளுக்குப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. அழுது பார்த்தாள். சாயங்காலம் வரை பட்டினியும் கிடந்து பார்த்தாள். மனிதர் மசியவில்லை. அவள் பள்ளிக்கூட டீச்சர் ஆயிற்றே, மறுநாள் வகுப்பிலிருந்த உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்துவிட்டாள்.

"இதுல அளந்து பாருங்கப்பா. பிளேன் வடதுருவம் பக்கமா வளைஞ்சு போகும். அதுதான் கிட்ட."

"வளைஞ்சா தூரம் கூடும்மா. முப்பது வருஷமா கத்திரி பிடிக்கிறவன்கிட்டயே கதை விடறியா?"

எகத்தாளமாகச் சிரித்தபடி, படத்தில் வைத்தது போலவே குறுக்கே டேப்பை வைத்து இழுத்துப் பிடித்தார். அது தானாக நழுவி உருண்டையின் உச்சிப் பக்கம் ஏறிக்கொண்டது. கீழே இறக்கினார். மறுபடி ஏறியது. பிடித்திருந்த விரல்களுக்கு நடுவில் டேப் மிச்சம் வேறு விழுந்தது.

தையல்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மகள் மேல் அல்ல, படம் போட்டவன் மேல்.

"எவன் இதை வெட்டினவன்? உருண்டையைத் தட்டையா விரிக்கிறோமே, அங்கங்க மடிச்சுப் பிடிப்போம்னு தோணுச்சா பாரு! மேல் பக்கம் பூரா தொப்பைக்காரன் சட்டையாட்டம் அகண்டு கெடக்கு. இவனை நம்பி பட்டனுக்கு ஒரு காஜா போடக்கூடக் குடுக்க மாட்டேன்!"

"அப்ப தூரம் குறைஞ்சுதாப்பா?"

"குறைஞ்சுது, குறைஞ்சுது. எத்தனை மணி நேரம்?"

"பதினாலு."

அவருக்கு ஒரு சட்டை தைக்க இரண்டு மணி நேரம். விரல் விட்டு எண்ணினார். "ஏழு சட்டை. ம்... பரவாயில்லையே."

மூலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிர்ந்தாள்.

"என்னங்க, பெரியவ வீட்டுக்கு மலையைச் சுத்தி மூணு பஸ் மாறணும். பதினாறு மணி நேரம். அது எத்தனை சட்டை?"

"எட்டு," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"பக்கத்துலதானே இருக்கான்னு சொல்லிச் சொல்லியே ரெண்டு வருஷமா அவ மூஞ்சியைப் பாக்கல."

தையல்காரர் சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்த முக்கால் இன்ச்சை நம்பித்தானே பெரியவளைக் கட்டிக்கொடுத்தார்? கண் கலங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, யாரோ தைக்கக் கொடுத்திருந்த துணியிலேயே துடைத்தார்.

"அந்தப் பையனை வரச் சொல்லும்மா," என்றார் சின்னவளிடம். "ஆனா அடுத்த வாரம் வேண்டாம், கடை லீவு. எட்டு சட்டை தூரத்துல எனக்கு ஒரு பொண்ணு இருக்கா."