முப்பது பேரின் ரத்தம்

ஆடி மாதம் கொல்லிமலையில் வெயில் அபூர்வம். மின்சாரம் இல்லாத இடத்தில் மைக்ராஸ்கோப்புக்கு வெயில் வேண்டும். மேசையை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு மேகம் விலகக் காத்திருப்பேன்.

மலேரியா ஒழிப்பு வேலை. ஊழியர்கள் ஊர் ஊராக நடந்து, காய்ச்சல் கண்டவர்களின் விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தடவிக் கொண்டுவருவார்கள். அதில் கிருமி இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். பி.எஸ்ஸி. படித்தவர் வேறு யாரும் இந்த மலைக்கு வரவில்லை. என் மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எனக்கு எந்த இடமும் ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டர் அர்த்தனாரி சனிக்கிழமைதோறும் வருவார். ஆளுக்கு வாரம் முப்பது ஸ்லைடு என்பது அவர் கட்டளை. குறைந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார். கிருமி இருந்தாலும் அவருக்குப் பிடிக்காது. தன் எல்லையில் மலேரியா இல்லை என்று மேலே எழுதியிருந்தார்.

முதல் நாளே என்னைத் தனியாக அழைத்தார். "இவனுங்க எந்த ஊட்டுக்கும் போகாமயே ஸ்லைடு கொண்டாருவானுங்க. கண்ணுல பட்டா எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க."

அதிலிருந்து ஒவ்வொரு ஸ்லைடையும் மூன்று தடவை பார்த்தேன். ஒரு தடவை கிருமியைத் தேடி, இரண்டு தடவை திருட்டைத் தேடி. நாளுக்கு அறுபது பார்க்க வேண்டியவன் இருபதுதான் பார்த்தேன். மீதி பெட்டியில் சேர்ந்தது.

ஒரு வியாழக்கிழமை ஊழியர் செங்கோடன், மலையூர்கள் சில சேர்ந்த அரியூர் நாட்டிலிருந்து முப்பது ஸ்லைடு கொண்டுவந்தார். அடிவாரத்துக்காரர், நான்கு பிள்ளைகள். முப்பதிலும் கிருமி இருந்தது. மாதன், மயிலம்மாள், காத்தான் என்று பெயர்கள் மட்டும் வேறு. ரத்தம் ஒன்றுபோல் இருந்தது.

வெளியே மரப்பெட்டி மேல் அவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்திருந்தது.

"அரியூர்ல காய்ச்சல் அதிகமோ?"

"ஏனுங்க சார், அப்படிக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"நீங்க சும்மா கேக்கற ஆளு இல்லீங்களே."

"கையைக் காட்டுங்க."

துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். "இன்ஸ்பெக்டரு பாக்கச் சொன்னாருங்களா? எனக்கும் உத்தரவு இருக்குதுங்க, உங்களப் பத்தி எழுதச் சொல்லி. அரை நாளு ஜன்னலப் பாத்துட்டே உக்காந்திருக்காருன்னு போன வாரம் எழுதிக் குடுத்தேனுங்க."

உண்மைதான். எல்லா நேரமும் நான் வெயிலுக்காகப் பார்க்கவில்லை.

"முப்பதிலும் கிருமி இருக்கு, செங்கோடன்."

அவர் முகம் மாறியது. "அது எப்படீங்க? நல்ல ரத்தம்னுதானுங்க நெனச்சேன்."

துண்டை விலக்கினார். பத்து விரலிலும் ஊசிக் குத்து.

"அரியூர்ல கோயில் நோம்பி சாட்டிட்டாங்க. திருவிழா முடியற வரைக்கும் ஊருக்குள்ள சொட்டு ரத்தம் உழுவக்கூடாது. கோழி கூட அறுக்கறதில்ல. ஊசிய எடுத்ததும் பொம்பளைங்க சாணிக்கூடையத் தூக்கிட்டு அடிக்க வாராங்க. இன்ஸ்பெக்டருகிட்டச் சொன்னேன். அவங்க குடுக்காட்டி உன் ரத்தத்தக் கொண்டாடா, எனக்கு முப்பது வேணும்னாரு. கொண்டாந்துட்டேன்."

"உடம்புக்கு எத்தனை நாளா முடியலை?"

"பத்து நாளா ஒண்ணு விட்டு ஒரு நாள் குளிருதுங்க. மழையில நனைஞ்சதுன்னு இருந்துட்டேன். படுத்தா இன்ஸ்பெக்டரு மறுபடி சேப்பாரா? எங்ககூட வேல பாத்த சுப்பையன் படுத்தான். இப்ப ரோட்டுல கல்லு ஒடைக்கறான்."

மாத்திரை கொடுக்கப் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். எழுதினால் அவர் வேலை போகும். எழுதாவிட்டால் ஆளே போய்விடலாம். உள்ளே போய் மாத்திரை எடுத்துவந்தேன்.

அவர் வாங்கவில்லை. "இது என்ன மாத்திரைன்னு எனக்கென்னங்க தெரியும்?"

ஒன்றை நான் விழுங்கினேன். கசந்தது. என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இறங்கிய பிறகு கை நீட்டினார்.

பதிவேட்டில் எழுதினேன்: 'அரியூர் நாடு. நோம்பி. ஊரில் ரத்தம் எடுக்க முடியவில்லை. முப்பது ஸ்லைடும் ஒருவருடையவை. ஊழியர் செங்கோடன், மலேரியா உண்டு. மருந்து கொடுத்தேன்.'

சனிக்கிழமை அர்த்தனாரி அதைப் படித்தார்.

"யாரு இப்படி எழுதச் சொன்னா? கிழிங்க."

"பக்கத்துக்கு நம்பர் இருக்குங்க. வேணும்னா அடிச்சுட்டு, முப்பது பேருக்கும் மலேரியான்னு எழுதி மேலே அனுப்பறேன். டாக்டருங்க வந்து பார்க்கட்டும்."

அர்த்தனாரி பக்கத்து நம்பரை விரலால் தடவிப் பார்த்தார். முப்பது என்றால் அவர் எழுதியதெல்லாம் பொய்யாகும். ஒன்று என்றால் ஓர் ஊழியனோடு முடிந்துவிடும். அவனையும் நிறுத்தினால் ஏன் என்று மேலே கேட்பார்கள். கையெழுத்துப் போட்டார்.

"ஒரு வாரம் கெடந்துட்டு வேலைக்கு வரச் சொல்லுங்க," என்றார். குரலைத் தாழ்த்தினார். "அவன நம்பாதீங்க. உங்களப் பத்தி வாராவாரம் எழுதறான்."

"தெரியுங்க."

வெளியே வந்தேன். செங்கோடன் கம்பளிக்குள் சுருண்டிருந்தார்.

"உள்ள என்னமோ மொள்ளப் பேசிக்கிட்டீங்களே, என்னங்க?"

"வேலை இருக்கு. ஒரு வாரம் படுத்துட்டு வாங்க. இப்ப மாத்திரைக்கு நேரமாச்சு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார், எனக்கும் ஒன்று கொண்டுவந்திருக்கிறேனா என்று.

கொண்டுவந்திருந்தேன்.